கடலில் கொட்டிய கசடு

ஏதென்ஸுக்குத் தென்கிழக்கே, கடலோரத்தில் இருக்கிறது லாவ்ரியோன். அங்குள்ள குன்றுகளில் வெள்ளிக்காகப் பண்டைய கிரேக்கர்கள் இறக்கிய சுரங்கக் குழிகள் 2,000-க்கும் மேல். சிலவற்றின் ஆழம் 100 மீட்டரையும் தாண்டும். அடியில் பக்கவாட்டில் ஓடும் வழிகள் பல இடங்களில் ஒரு மீட்டர் உயரம்கூட இல்லை. சாப்பாட்டு மேசைக்கு அடியில் தவழ்வதுபோலத்தான் போகவேண்டும். எண்ணெய் விளக்கொளியில் உளியும் சுத்தியலுமாகப் பாறையைப் பிளந்தவர்கள் அடிமைகள். நிக்கியாஸ் என்ற செல்வந்தர் 1,000 அடிமைகளை, ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ஓபோல் காசு என்று வாடகைக்கு விட்டதாகப் பண்டைய கிரேக்க எழுத்தாளர் செனபோன் எழுதியிருக்கிறார். லாவ்ரியோனின் நுட்பத்தை வியக்கும்போது இவர்களை மறக்கவே கூடாது.

தோண்டி எடுத்தது கலீனா: ஈயமும் கந்தகமும் சேர்ந்த, கனசதுரமாக உடையும் பளபளப்பான தாது. வெள்ளி அதனுள்தான் இருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு டன் ஈயத்துக்குச் சில கிலோ தேறினாலே அது வளமான தாது.

உடைத்து அரைத்த தாதுவை நீரோட்டத்தில் அலசினால் கல் அடித்துக்கொண்டு போகும், கனமான கலீனா தங்கும். ஆனால் அது வறண்ட பூமி. எனவே மழைநீரைத் தொட்டிகளில் சேர்த்தார்கள். அலசிய நீர் வாய்க்கால்களைச் சுற்றிவந்து, வண்டலை வழியிலேயே இறக்கிவிட்டு, மறுபடி வேலைக்கு வந்தது!

அடுத்தது உலை. உருக்கிய ஈயத்தின்மேல் சூடான காற்றை ஊதினால் ஈயம் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு ஈய ஆக்சைடாக மாறும்; சித்த மருத்துவத்தில் மிருதார்சிங்கி எனப்படுவது இதுதான். வெள்ளி ஆக்சிஜனோடு சேராது. ஆக்சைடை வழித்தெடுக்க எடுக்க, கடைசியில் வெள்ளி மட்டும் மிஞ்சும். கி.மு. 483-இல் இங்கே வளமான தாதுப் படிவம் சிக்கியபோது, வந்த பணத்தை மக்களுக்குப் பங்கிடாமல் போர்க்கப்பல் கட்டவைத்தார் ஏதென்ஸின் தலைவர் தெமிஸ்டோக்ளிஸ். மூன்றே ஆண்டுகளில், அந்தக் கப்பல்களின் துணையோடு நடந்த சலாமிஸ் கடற்போரில், படையெடுத்து வந்த பாரசீகப் படை தோற்றது.

எனக்கு இதையெல்லாம்விடப் பெரிய வியப்பு, உலைக் கழிவில் நடந்ததுதான். கரையோர உலைகளின் கசடு கடலில் கிடந்தது. அதன் நுண்துளைகளில் உப்புநீர் புகுந்தது. உப்பிலுள்ள குளோரின், மிஞ்சியிருந்த ஈயத்தோடு மெல்ல மெல்ல இணைந்து, துளைகளுக்குள் நிறமற்ற குட்டிப் படிகங்களாக வளர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டில் கனிமவியலாளர்கள் அந்தக் கசடை உடைத்தபோது, அதுவரை யாரும் அறியாத கனிமங்கள் உள்ளே இருந்தன. 1887-இல் ஒன்றுக்கு ஊரின் பெயராலேயே லாரியோனைட் என்று பெயரிட்டார்கள். பென்ஃபீல்டைட்டும் ஃபீட்லரைட்டும் இங்கிருந்து வந்தவையே.

மனிதர் செய்த பொருளை இயற்கை மாற்றி உருவாக்கும் எதையும் இன்று புதிய கனிமமாக ஏற்பதில்லை. லாவ்ரியோன் படிகங்கள் அந்த விதிக்கு முன்பே பட்டியலில் இடம்பிடித்துவிட்டன. லாரியோனைட்டுக்கு அந்தச் சலுகைகூடத் தேவைப்படவில்லை: பிற்பாடு இங்கிலாந்தின் கார்ன்வாலில், கசடே இல்லாத இயற்கைப் பாறையிலும் அது கிடைத்தது.