வீட்டு விலைக் குறியீட்டெண்

பெங்களூரில் அல்சூரை அடுத்துள்ள ஜோகுபாளையம், தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பழைய குடியிருப்பாகும். 2011 அக்டோபரில் இதன் அருகே மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. இத்தகைய இடத்தில் பாகப் பிரிவினையின்போது, வீட்டை ஏற்றுக்கொள்ளும் சகோதரர் மற்றவருக்கு எவ்வளவு தொகை தருவது நியாயம் என்ற கேள்வி எழுகின்றது. தரகர் ஒரு விலை கூறுவார். முத்திரைத் தீர்வைக்காக அரசு நிர்ணயித்துள்ள வழிகாட்டி மதிப்போ வேறாக இருக்கும். இந்நிலையில் விலையின் போக்கை அறிய உதவும் கருவியே வீட்டு விலைக் குறியீட்டெண்.

சராசரி விலையைப் பார்த்தால் போதாதா எனக் கேட்கலாம். ஓர் ஆண்டில் 20 இலட்சம் ரூபாய் வீதம் ஆறு சிறு வீடுகளும், 60 இலட்சம் வீதம் நான்கு பெரிய வீடுகளும் விற்பனையாயின என்று கொள்வோம். சராசரி 36 இலட்சம். மறு ஆண்டு அதே விலைகளில் சிறு வீடுகள் நான்கும் பெரியவை ஆறும் விற்றால், சராசரி 44 இலட்சமாகிவிடும். எந்த வீட்டின் விலையும் உயராதபோதே சராசரி நூற்றுக்கு 22 உயர்ந்துவிட்டது! குறியீட்டெண்ணோ வீடுகளை அளவுவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவின் பங்கையும் ஆதார ஆண்டில் இருந்தவாறே நிலைநிறுத்திக் கணக்கிடுவதால், 100-இலேயே நிற்கும்.

நம் நாட்டில் தேசிய வீட்டு வசதி பாங்கு 2007 ஜூலையில் 'ரெசிடெக்ஸ்' என்னும் குறியீட்டை வெளியிட்டது. 2001-ஐ ஆதார ஆண்டாகக் கொண்ட அம்முதல் முயற்சியில் இடம்பெற்ற ஐந்து நகரங்களுள் பெங்களூரும் ஒன்று. பின்னர் திருத்தியமைக்கப்பட்டபோது, வீட்டுக்கடன் தரும் நிறுவனங்களின் மதிப்பீடுகள் இதற்கு ஆதாரமாயின. ரிசர்வ் பாங்கு தனியே வெளியிடும் குறியீடு, பத்திரப் பதிவு அலுவலகங்களின் விவரங்களைக் கொண்டது. ஆதாரங்கள் வேறாதலால் இவ்விரண்டும் ஒரே எண்ணைக் காட்டவேண்டும் என்பதில்லை. ஒரு கணக்கில் இரண்டையும் கலத்தலும் ஆகாது.

பயன்படுத்தும் முறை எளிது. வீட்டை 20 இலட்சத்துக்கு வாங்கியபோது குறியீடு 120 ஆகவும் இன்று 180 ஆகவும் இருப்பின், 20-ஐ 180-ஆல் பெருக்கி 120-ஆல் வகுக்க, 30 இலட்சம் என வரும். இதே காலத்தில் பொது விலைவாசியும் ஒன்றரை மடங்காகியிருந்தால், உண்மையான ஆதாயம் ஏதுமில்லை.

ஆயினும் இது நகரம் முழுமைக்குமான எண். சந்தின் அகலம், கட்டடத்தின் வயது, பின்னர் எழுப்பிய மாடி, பத்திரத்தின் தெளிவு ஆகியவற்றை அது அறியாது. ஆகவே சகோதரர் இருவரும் 30 இலட்சத்தைப் பேச்சின் தொடக்கமாகக் கொண்டு, அண்மையில் அத்தெருவில் நடந்த விற்பனைகளை ஒப்பிட்டு, தகுதி பெற்ற மதிப்பீட்டாளரைக் கொண்டு முடிவு செய்தல் நலம். களப்பணியாளர்கள் மக்களிடம் இவ்வேறுபாட்டை வற்புறுத்த வேண்டும். ஆசிரியர்கள் மேற்கண்ட பத்து வீடுகளின் கணக்கை மாணவரைக்கொண்டே செய்வித்தால், சராசரிக்கும் குறியீட்டுக்கும் உள்ள பேதம் எளிதில் விளங்கும்.