கேலிக்கு வழக்கு உண்டா?

2025 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைக் காப்பியை முடித்துவிட்டுப் பேப்பரை விரித்திருந்தேன். அடுத்த பிளாக்கில் குடியிருக்கும் கும்பகோணத்துப் பெண்மணி, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் தன் மகனை ஏறக்குறைய இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

"அண்ணா, நீங்கதான் வக்கீல் ஆபீஸில் இருந்தவர். இவனைப் போலீஸ் பிடிச்சுக்கிட்டுப் போயிடுமா, சொல்லுங்க" என்றார். குரல் நடுங்கியது.

தில்லிக்கு வந்த தமிழர்களில் என் தலைமுறைக்குச் சுருக்கெழுத்துதான் சோறு போட்டது. நானும் ஒரு வழக்கறிஞரிடம் முப்பது வருடம் ஸ்டெனோவாக இருந்தவன். சட்டம் படித்தவன் அல்ல. சட்டத்தைத் தட்டச்சு செய்தவன். அந்த அளவில்தான் இந்தக் கட்டுரையும்.

நடந்தது இதுதான். மெட்ரோவில் எதிர் இருக்கையில் ஒரு பெரியவர் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார். பருத்த உடம்பு. வாய் திறந்திருந்தது. முகத்திலும் கைகளிலும் வெண்புள்ளிகள். பையன் செல்போனில் படம் பிடித்து, "ஒரு டிக்கெட், மூன்று ஸீட்" என்று இந்தியில் எழுதி இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டான். அவனுடைய நண்பன் அதன் கீழே, "பக்கத்தில் உட்காராதே, ஒட்டிக்கொள்ளும்" என்று எழுதினான். நம் பையன் அதற்கும் ஒரு சிரிப்புப் பொம்மையை வைத்து, இரண்டையும் சேர்த்து நான்கைந்து வாட்ஸ்ஆப் குழுக்களுக்கு அனுப்பியிருக்கிறான். மூன்றாம் நாள் ஒரு பெண்ணிடமிருந்து செய்தி வந்தது: "அது என் அப்பா. அவருடைய ஆபீஸ் குழுவில் இந்தப் படம் சுற்றுகிறது. தயவுசெய்து எடுத்துவிடுங்கள்."

"அங்கிள், அவர் பேரைக்கூட நான் போடலை. குண்டா இருக்கிறவரைக் குண்டுன்னா அது அவதூறா?" என்றான் பையன்.

கேள்வி நியாயமானதுதான். நம் வீடுகளில் பலருக்கும் விடை தெரியாத கேள்வியும்கூட.

சட்டம் எதைக் காக்கிறது?

அவதூறு என்றால் என்ன என்பதை 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 499-ஆம் பிரிவில் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதீய நியாய சன்ஹிதாவில் அது 356-ஆம் பிரிவு. எண் மாறினாலும் அடிப்படை மாறவில்லை. பேச்சாலோ, எழுத்தாலோ, சைகையாலோ, கண்ணால் காணும் உருவத்தாலோ ஒருவரைப் பற்றி ஒன்றைச் சொல்லி, அதனால் அவருடைய நற்பெயர் கெட வேண்டும் என்று எண்ணியோ, கெடும் என்று தெரிந்தோ வெளியிட்டால் அது அவதூறு. படமும் பொம்மையும் இந்த வலைக்குள் வந்துவிடும் என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் 'நற்பெயர்' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. ஒருவர் மனம் புண்பட்டது என்பது மட்டும் அவதூறு ஆகாது. மற்றவர்கள் அவரைப் பற்றி வைத்திருக்கும் மதிப்பு குறைய வேண்டும். எந்த விதத்தில் குறைய வேண்டும் என்பதையும் சட்டமே ஒரு விளக்கத்தில் வரிசைப்படுத்துகிறது: அவருடைய ஒழுக்கம் அல்லது அறிவு பற்றிய மதிப்பு, சாதி அல்லது தொழில் சார்ந்த மதிப்பு, அவருடைய நாணயம், கடைசியாக, பிறர் அருவருக்கும் நிலையிலோ இழிவாகக் கருதும் நிலையிலோ அவருடைய உடல் இருப்பதாக நம்பச் செய்வது.

இந்தக் கடைசி வரியை நான் பல தடவை தட்டச்சு செய்திருக்கிறேன். அன்றுதான் அதன் பொருள் முழுதாக உறைத்தது.

பையன் எழுதிய "ஒரு டிக்கெட், மூன்று ஸீட்" என்பது கேலி, மட்டமான கேலி. ஆனால் அதைப் படித்து யாரும் அந்தப் பெரியவரை யோக்கியதை குறைந்தவர் என்று நினைக்கப் போவதில்லை. அவர் பருமனானவர் என்பது பார்த்தாலே தெரிகிறது. புதிதாக எதையும் நம்பச் செய்யவில்லை. இதை மட்டும் வைத்து அவதூறு வழக்கு நிற்பது கடினம்.

நண்பன் எழுதிய "ஒட்டிக்கொள்ளும்" என்ற ஒரே சொல் கதையை மாற்றிவிடுகிறது. அது அபிப்பிராயம் அல்ல. இவருக்குத் தொற்றுநோய் இருக்கிறது என்ற செய்தி. அதுவும் பொய்ச் செய்தி. வெண்புள்ளி என்பது தோலுக்கு நிறம் தரும் செல்கள் அழிவதால் வருவது. தொட்டாலும் பரவாது, பக்கத்தில் உட்கார்ந்தாலும் பரவாது. வெண்குஷ்டம் என்று நம்மவர்கள் தவறாகச் சொல்வார்கள். குஷ்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தப் பொய்யை நம்பி அலுவலகத்தில் நாலு பேர் அவரோடு உட்கார்ந்து சாப்பிடத் தயங்கினால், சட்டம் சொல்லும் 'அருவருக்கும் நிலை' அதுவேதான்.

நீதிபதிகளே ஒத்துப்போகாத வழக்கு

இந்தக் கோடு எப்போதும் இவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. இங்கிலாந்தில் ஸ்டீவன் பெர்காஃப் என்ற நடிகரை, பத்திரிகையாளர் ஜூலி பர்ச்சில் 1994-இல் இரண்டு கட்டுரைகளில் பார்க்கச் சகிக்காத அவலட்சணம் என்ற பொருள்பட எழுதினார். நடிகர் வழக்குப் போட்டார். ஒருவரை அவலட்சணம் என்பது அவதூறாக இருக்க முடியுமா என்ற கேள்வி மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. 1996-இல் மூன்று நீதிபதிகளில் இருவர், 'இருக்க முடியும்' என்றார்கள். முகத்தைக் காட்டிப் பிழைக்கும் நடிகரை அருவருப்பானவர் என்று ஊரறியச் சொல்லிக் கேலிப்பொருள் ஆக்கினால், அவருடைய மதிப்பு குறையலாம் என்பது அவர்கள் வாதம். மூன்றாமவர் ஒத்துக்கொள்ளவில்லை. இது கேலிதான், கேலிக்கெல்லாம் வழக்கு என்றால் ஆகாது என்றார். அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. வாதத்தில் எடுத்துக்காட்டலாம், அவ்வளவுதான்.

அதற்கும் முன்னால், 1930-இல் நியூயார்க்கில் ஒரு வழக்கு. பரிணாமத்தைப் பற்றிய பத்திரிகைக் கட்டுரையில், ஸ்பிஸ்கோ என்ற மல்யுத்த வீரரின் படத்தை ஒரு கொரில்லாவின் படத்தோடு சேர்த்து அச்சிட்டிருந்தார்கள். அது அவதூறு என்றே நீதிமன்றம் கொண்டது. இன்று மிருகப் படத்தையும் மனிதப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி அனுப்பும் பிள்ளைகள், இந்த விளையாட்டு புதிது என்று நினைக்க வேண்டாம்.

பையனின் மூன்று வாதங்கள்

"பேர் போடலை" என்றான். பேர் வேண்டியதில்லை. தெரிந்தவர்கள் பார்த்து 'இது அவர்தான்' என்று கண்டுகொண்டால் போதும். இங்கே முகமே இருக்கிறது, ஆபீஸே கண்டுகொண்டுவிட்டது.

"உண்மையைத்தானே சொன்னேன்" என்றான். நஷ்டஈடு கேட்கும் சிவில் வழக்கில் உண்மை நல்ல கேடயம். குற்ற வழக்கில் உண்மை மட்டும் போதாது. அதைச் சொன்னது பொதுநன்மைக்காக என்றும் காட்ட வேண்டும். தூங்குகிறவரின் வயிற்றைப் பற்றி ஊருக்குச் சொல்வதில் என்ன பொதுநன்மை?

"ஒட்டிக்கொள்ளும்னு நான் எழுதலை, ஃபார்வர்டுதான் பண்ணினேன்" என்றான். இதுதான் இருப்பதிலேயே பலவீனமான வாதம். அவதூறான ஒன்றை மறுபதிவு செய்வதும் வெளியிடுவதே என்று தில்லி உயர் நீதிமன்றம் 2024 பிப்ரவரியில், அப்போதைய தில்லி முதல்வர் சம்பந்தப்பட்ட வழக்கிலேயே சொல்லிவிட்டது.

நம் சங்கத்தில் வாட்ஸ்ஆப் குழு நடத்துகிறவர்களுக்கு ஒரு ஆறுதல். குழுவில் யாரோ போட்டதற்காக நிர்வாகியைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2021-லும் கேரள உயர் நீதிமன்றம் 2022-லும் கூறியுள்ளன. நிர்வாகியே கேலியில் சேர்ந்துகொண்டால் அது வேறு கதை.

அவதூறு இல்லை என்றால் குற்றமே இல்லையா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அவதூறு என்ற ஒரு கதவு மூடியிருந்தால், வேறு கதவுகள் திறந்திருக்கலாம்.

கேலிக்கு ஆளானவர் மாற்றுத்திறனாளி என்றால், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு இருக்கிறது. பொதுப் பார்வையில் வேண்டுமென்றே அவரை இழிவுபடுத்தினால் ஆறு மாதத்திலிருந்து ஐந்து வருடம் வரை சிறை. அந்தச் சட்டத்தின் பட்டியலில் குள்ளமான உடலமைப்பு உள்ளவர்களும், அமில வீச்சுக்கு ஆளானவர்களும், குஷ்டம் குணமானவர்களும் இருக்கிறார்கள். தோற்றத்துக்காக அதிகம் கேலி செய்யப்படுகிறவர்கள் இவர்கள்தாம். அவதூறுக்கு உச்சத் தண்டனை இரண்டு வருடம்தான் என்பதை நினைத்தால், இந்தப் பிரிவின் கடுமை புரியும்.

பெண்ணின் மானத்தைக் குலைக்கும் எண்ணத்தோடு பேசினாலோ எழுதினாலோ சன்ஹிதாவின் 79-ஆம் பிரிவு வரும். தாழ்த்தப்பட்டோரையும் பழங்குடியினரையும் பொதுப் பார்வையில் இழிவுபடுத்தினால் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரும்.

அமெரிக்காவில் 2016-இல் நடந்ததையும் சொல்ல வேண்டும். டானி மேதர்ஸ் என்ற விளம்பர அழகி, லாஸ் ஏஞ்சலஸில் உடற்பயிற்சி நிலையம் ஒன்றின் உடை மாற்றும் அறையில், எழுபது வயதுப் பெண் ஒருவரை அவருக்குத் தெரியாமல் படம் பிடித்து, உடம்பைக் கேலி செய்து ஸ்நாப்சாட்டில் போட்டார். அரசுத் தரப்பு அவதூறு என்று போகவில்லை. அந்தரங்கத்தில் நுழைந்த குற்றம் என்று வழக்குப் போட்டது. 2017-இல் குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடாமல் ஏற்ற அவருக்கு மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பும், முப்பது நாள் சுவர்க் கிறுக்கல்களை அழிக்கும் வேலையும் தண்டனை. நம் நாட்டிலும் புதிய சன்ஹிதா, அவதூறுக்குச் சிறை, அபராதம் என்பவற்றோடு சமூக சேவையையும் ஒரு தண்டனையாகச் சேர்த்திருக்கிறது.

பலர் இன்னமும் '66ஏ பிரிவில் உள்ளே தள்ளிவிடலாம்' என்று சொல்வதைக் கேட்கிறேன். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சிலேயே ரத்து செய்துவிட்டது. மனம் நோகும் பேச்சுக்கெல்லாம் கைது என்றால் பேச்சுரிமை இருக்காது என்பதே காரணம். அடுத்த வருடமே அதே நீதிமன்றம், நற்பெயரும் வாழும் உரிமையின் ஒரு பகுதிதான் என்று கூறிக் குற்ற அவதூறுச் சட்டத்தைச் செல்லும் என்றது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பாதிக்கப்பட்டவர் என்ன செய்யலாம்?

முதலில், பதிவை அழிக்கச் சொல்லும் முன் அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேதியும் பதிவிட்டவர் பெயரும் தெரிய வேண்டும். பிறகு அந்தச் செயலியின் குறைதீர்ப்பு அலுவலரிடம் புகார் கொடுங்கள். 2021-ஆம் ஆண்டின் விதிகள்படி அப்படி ஒருவரை நியமிப்பது கட்டாயம். அவதூறு என்றால் போலீஸ் தானாக வழக்குப் பதிந்து கைது செய்யாது. பாதிக்கப்பட்டவர்தான் மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்க வேண்டும். நஷ்டஈட்டு வழக்கு என்றால் பதிவு வந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள். இரு தரப்பும் சமாதானமாகிப் புகாரை முடித்துக்கொள்ளவும் சட்டத்தில் வழி உண்டு.

இதையெல்லாம் கேட்ட பிறகு அந்த அம்மாவுக்குச் சற்று மூச்சு வந்தது. "அப்போ போலீஸ் வராது" என்றார்.

"வராது. ஆனால் அந்தப் பெரியவர் கோர்ட்டுக்குப் போகலாம்" என்றேன்.

பிறகு பையனிடம் ஒன்று சொன்னேன். நான் தில்லிக்கு வந்த புதிதில், பஸ்ஸில் என் நிறத்தைப் பார்த்து 'காலா மதராஸி' என்று சிரித்தவர்கள் உண்டு. அவன் அம்மாவும் அதைக் கேட்டிருப்பார். பள்ளிக்கூடத்தில் அவனே கேட்டிருக்கலாம். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "கவுண்டமணி செந்திலைத் திட்டினா எல்லாரும் சிரிக்கிறாங்களே அங்கிள்" என்று முணுமுணுத்தான். செந்தில் நடிக்க ஒப்புக்கொண்டு, சம்பளம் வாங்கிக்கொண்டு திட்டு வாங்கினார். மெட்ரோவில் தூங்கியவர் எதற்கு ஒப்புக்கொண்டார்?

பதிவை அன்றே எடுத்தான். அனுப்பிய ஒவ்வொரு குழுவிலும், 'நான் செய்தது தவறு, இது தொற்றும் நோய் அல்ல' என்று எழுதினான். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். அள்ள முடிந்ததை அள்ளினான். அந்தப் பெண்ணிடம் அனுமதி கேட்டு, மாலையில் என் வீட்டிலிருந்தே பெரியவருக்குப் போன் செய்தான். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பெரியவர் கோபப்படவில்லை. வழக்குப் போடப் போவதில்லை என்றார். இருபது வயதிலிருந்து இந்தப் புள்ளிகளோடு இருக்கிறேன், பழகிவிட்டது, என் பெண்தான் அழுதாள் என்றார். பையன் மன்னிப்புக் கேட்டான். "சரி பேட்டா" என்றவர், வைக்கும் முன் ஒன்று சொன்னார். "வேலை முடிந்து போகும்போது மெட்ரோவில் அரை மணி தூங்குவேன். இப்போது தூங்குவதில்லை. யார் படம் எடுக்கிறார்களோ என்று பார்த்துக்கொண்டே போகிறேன்."

அதற்கு எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவு என்று பையன் என்னைக் கேட்கவில்லை.