பெரிய பள்ளிக்கூடம் போக மறுக்கும் பிள்ளை

ஐந்தாம் வகுப்பு முடிந்து விட்டது. ஜூன் மாதம் ஆறாம் வகுப்பு. வேறு பள்ளிக்கூடம்!

மற்ற பிள்ளைகள் துள்ளிக் கொண்டு ஓடுகிறார்கள். "ஆட்டிசம்" உள்ள பிள்ளை மட்டும் வாசலிலேயே நின்று விடுகிறது. காதைப் பொத்திக் கொண்டு அலறுகிறது.

"செல்லம் கொடுத்துக் கெடுத்து விட்டார்கள்" என்கிறார்கள், பார்ப்பவர்கள். பெற்ற தாய் தலைகுனிந்து நிற்கிறாள். சில வீடுகளில் அன்றோடு படிப்பே நின்று விடுகிறது.

இது பிடிவாதம் அல்ல.

டாக்டர் கண்டது

ஆட்டிசம் தொற்று நோய் அல்ல. வளர்ப்பில் வந்த குற்றமும் அல்ல. மூளை வளர்ந்த விதமே வேறு. அமெரிக்காவில் லியோ கானர் என்ற டாக்டர், 1943-ம் ஆண்டு 11 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். எல்லாம் எப்போதும் போலவே இருக்க வேண்டும் என்று அவர்கள் தவித்ததை அப்போதே குறிப்பிட்டார்.

தொடக்கப் பள்ளியில் பெரும்பாலும் ஒரே அறை, ஒரே டீச்சர். பெரிய பள்ளியிலோ பாடத்துக்கு ஒருவர். மணி அடித்தால் ஆள் மாறுகிறார். எங்கும் இரைச்சல்! அத்தனையும் ஒரே நாளில் மாறினால் அந்தப் பிள்ளை எப்படித் தாங்கும்?

மே மாதமே தொடங்கலாம்

விடுமுறையில் பள்ளிக்கூடம் காலியாக இருக்கும். தலைமை ஆசிரியரிடம் கேட்டுக் கொண்டு பிள்ளையை அழைத்துப் போகலாம். வகுப்பறை, தண்ணீர்க் குழாய், கழிப்பறை எல்லாவற்றையும் காட்ட வேண்டும். கழிப்பறை முக்கியம். இடம் தெரியாமல் மாலை வரை அடக்கிக் கொண்டிருக்கும் பிள்ளைகள் உண்டு. செல்போனில் படம் எடுத்து வந்து, வீட்டில் தினமும் காட்டலாம். மணியை ஒரு தடவை அடித்துக் காட்டினால் இன்னும் நல்லது.

புதுச் சீருடை மொடமொடவென்று இருக்கும். இரண்டு மூன்று தடவை துவைத்து, கழுத்தில் உறுத்தும் துணிச் சீட்டை வெட்டி விட்டு, வீட்டிலேயே போட்டுப் பழக்கலாம்.

ஒரு காகிதம்

பிள்ளைக்கு எது பிடிக்கும்? எந்தச் சத்தம் ஆகாது? அழுதால் எப்படி ஆறும்? இதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதிப் புது ஆசிரியரிடம் கொடுக்க வேண்டும். பழைய டீச்சரே எழுதித் தந்தால் மிகவும் நல்லது. தாய் சொன்னால் காதில் வாங்காதவர்கள் கூட டீச்சர் சொன்னால் கேட்பார்கள்!

"இந்தப் பிள்ளைக்கு இங்கே இடம் இல்லை" என்று சொன்னால் திரும்பி வந்து விடக் கூடாது. 2016-ம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்ந்திருக்கிறது. அரசுப் பள்ளியானாலும், அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியானாலும் பாகுபாடு காட்டாமல் சேர்த்துக் கொள்ள வேண்டும் என்பது சட்டம்.

முதல் வாரம் மட்டும் மத்தியானத்தோடு பிள்ளையை அழைத்துப் போகலாமா என்றும் தலைமை ஆசிரியரிடம் முன்னதாகவே கேட்டு வைக்கலாம்.