பேணியைத் திறப்பதற்கு முன்னர்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை பகுதிகளின் தொடர்மாடிகளில் கணவனும் மனைவியும் தொழிலுக்குச் சென்று இரவாகி வீடு திரும்புவது இன்று வழமையாகிவிட்டது. 2022 ஆம் ஆண்டில் எரிவாயுவுக்காக வீதிகளில் காத்து நின்ற அனுபவமும் ஒரே தாச்சியில் விரைவாகச் சமைத்து முடிக்கும் பழக்கத்தை வலுப்படுத்தியது. எஞ்சிய சோற்றையும் பேணியில் அடைத்த இறைச்சியையும் கொண்டு தயாரிக்கப்படும் பிரைட் ரைஸ் அத்தகைய உணவுகளில் ஒன்றாகும். அவசரத்துக்கு உகந்த இவ்வுணவில் அவசரப்படக் கூடாத இரு விடயங்கள் உள்ளன.

முதலாவது, பேணியின் மேலுள்ள விபரம். முன்புறத்தில் கோழியின் படம் இருப்பது மாத்திரம் போதுமானதல்ல. சேர்க்கப்பட்ட கொழுப்பும் ஜெலற்றினும் எந்த விலங்கினுடையவை என்பது முஸ்லிம்களுக்கு முக்கியமானது. மாட்டிறைச்சி கலந்துள்ளதா என்பது சைவர்களுக்கு முக்கியமானது. 2013 ஆம் ஆண்டில் ஹலால் இலச்சினைக்கு எதிராக இந்நாட்டில் கிளப்பப்பட்ட எதிர்ப்பையும், அதனைத் தொடர்ந்து அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா சபை சான்றிதழ் வழங்கும் பணியிலிருந்து விலகியதையும் நாம் மறந்துவிடவில்லை. 2014 இல் தனியான நிறுவனமொன்று அப்பணியைப் பொறுப்பேற்றது. தாம் உண்பது எதுவென அறிந்துகொள்ளும் உரிமை எந்தவொரு சமூகத்துக்கும் வழங்கப்படும் சலுகையல்ல. அது நுகர்வோர் அனைவருக்கும் உரியது என்பதே எமது நிலைப்பாடாகும்.

திகதியையும் கவனிக்க வேண்டும். வீங்கிய, கசியும், மூட்டுப் பகுதி நசுங்கிய பேணிகளைச் சுவைத்துப் பார்க்காமலே எறிந்துவிட வேண்டும். பொட்டுலிசம் எனும் உயிராபத்தான நோயை ஏற்படுத்தும் நச்சு, மணத்தாலோ சுவையாலோ தன்னை வெளிப்படுத்தாமலும் இருக்கலாம்.

இரண்டாவது, சோறு. பெசிலஸ் சீரியஸ் எனும் பக்ரீரியாவின் வித்திகள் சோறு வேகும் வெப்பத்திலும் அழிவதில்லை. கொழும்பின் வெப்பத்தில் காலையில் சமைத்த சோறு மாலைவரை மேசையில் இருந்தால், அவை பெருகி நஞ்சை உருவாக்கக்கூடும். வாந்தியை ஏற்படுத்தும் அந்நஞ்சு மீண்டும் பொரித்தாலும் அழியாது. பிரித்தானியாவில் 1970களின் தொடக்கத்தில் இந்நோய் இனங்காணப்பட்டதும் பிரைட் ரைஸ் மூலமாகவே. எனவே சோற்றைத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணித்தியாலத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாளே பயன்படுத்திவிட வேண்டும். குளிர்ந்த சோறு குழையாமல் உதிரியாக வரும் என்பது மேலதிக நன்மையாகும்.

இனிச் செய்முறை. நால்வருக்கு இரண்டு சுண்டுச் சம்பா அரிசிச் சோறு போதும். இறைச்சியைச் சிறு துண்டுகளாக்கி, அதிலுள்ள கொழுப்பிலேயே சிவக்க வறுத்துப் புறம்பாக எடுத்து வையுங்கள். பின்னர் சிறிது எண்ணெயில் உள்ளி, லீக்ஸ், கரட், கோவா ஆகியவற்றைப் பெருந்தீயில் வதக்குங்கள். இரண்டு முட்டைகளை உடைத்துக் கிளறி, சோற்றை இரு பங்காகப் பிரித்து ஒவ்வொன்றாகப் பிரட்டுங்கள். இறுதியில் இறைச்சியும் மிளகுத்தூளும் ஒரு தேக்கரண்டி சோயா சோஸும் சேருங்கள். உப்புத் தேவையில்லை, இறைச்சியிலும் சோஸிலும் அது ஏற்கனவே மிகுதியாக உண்டு. மரக்கறி உண்போர் வருவதாயின், இறைச்சியைத் தாச்சியில் இடுவதற்கு முன்னரே முட்டையின்றி அவர்களது பங்கை சோயா மீற் சேர்த்துத் தயாரித்து வைக்கலாம். மிஞ்சிய இறைச்சியைப் பேணியிலேயே விடாது, மூடியுள்ள பாத்திரத்துக்கு மாற்றிக் குளிரூட்டுங்கள்.

இது தினசரி உணவல்ல என்பதையும் வலியுறுத்த விரும்புகின்றோம். பதப்படுத்தப்பட்ட இறைச்சி புற்றுநோயை ஏற்படுத்தக்கூடியதென உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015 இல் வகைப்படுத்தியது. நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பே வளர்ந்தோருக்குப் போதுமானது எனவும் அந்நிறுவனம் கூறுகின்றது. சிறார்களின் பாடசாலை உணவுப் பெட்டியை நாள்தோறும் இதனால் நிரப்பும் பெற்றோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

ஒரே தொடர்மாடியில் தமிழரும் முஸ்லிம்களும் அயலவராக வாழும் நகரம் இது. பெருநாளிலும் தீபாவளியிலும் உணவுத் தட்டுகள் கதவு விட்டுக் கதவு செல்கின்றன. தட்டில் இருப்பது என்னவென மறைக்காமல் கூறி நீட்டும் கை, அயலவரின் நம்பிக்கைக்குச் செலுத்தும் மரியாதையாகும். அந்த மரியாதை, பேணியின் சிறிய எழுத்துகளை வாசிப்பதிலிருந்தே ஆரம்பமாகின்றது.