கறுப்பு கவுனுக்குக் காசு எதற்கு?

ஆங்கில நாடகத்தில் எனக்கு விக்டோரியா காலத்துச் சீமாட்டி வேஷம். உடை வாடகைக்கு வீட்டில் பணமில்லை. விலகிடலாம்னு நினைத்தபோதுதான் ஒரு விஷயம் படித்தேன்.

கணவர் ஆல்பர்ட் 1861-ல் இறந்ததிலிருந்து, 1901-ல் தான் இறக்கும்வரை விக்டோரியா ராணி கறுப்பே உடுத்தினார். இங்கிலாந்தில் துக்கத்துக்குக் கறுப்புதான். பணக்காரர்கள் புதிதாகத் தைத்தார்கள். ஏழைகள் இருந்த துணியையே கறுப்புச் சாயத்தில் முக்கினார்கள். விட்பி ஊர் ஜெட் நகைக்குப் பதில் கறுப்புக் கண்ணாடி மணி போட்டார்கள்.

நானும் அம்மா துணையோடு, ஆயாவின் வெள்ளைப் பருத்திச் சேலையைச் சாயப்பொடியும் உப்பும் கலந்த கொதிநீரில் முக்கி, கொசுவம் வைத்துப் பாவாடையாகத் தைத்தேன். (பாலியஸ்டரில் இந்தச் சாயம் ஏறாது, கவனம்!)

"நமக்குத் துக்கம்னா வெள்ளை, அவங்களுக்குக் கறுப்பா?" என்று ஆயா சிரித்தார்.

மேடையில் ஒரே கைதட்டல்! பணமில்லைன்னு யாரும் விலகாதீங்க.