பெட்டரி நாற்காலி வாங்கும் முன் பார்க்க வேண்டிய இலக்கம்

வியாபாரிக்கு ஓய்வு வயது என்று ஒன்று கிடையாது. கால் ஓய்ந்தாலும் கடை ஓய்வதில்லை. புறக்கோட்டையிலும் ஊர்க் கடைத் தெருக்களிலும் எழுபதைத் தாண்டியும் கல்லாவில் அமர்ந்திருக்கும் ஹாஜிமார் எத்தனையோ பேர். நீரிழிவும் மூட்டு வலியும் நடையைக் குறைத்து விட்டாலும் குவாங்சோவுக்கும் துபாய்க்கும் சென்னைக்கும் போய்ச் சரக்குப் பார்க்கும் ஆசை குறைவதில்லை. வயதான வாப்பாவை, உம்மாவை உம்றாவுக்கு அழைத்துச் செல்லும் பிள்ளைகளும் நம்மிடையே நிறைய உண்டு. இவர்களுக்கெல்லாம் பெட்டரியில் ஓடும் சக்கர நாற்காலி பெரிய உதவி. யாருடைய தோளையும் பிடிக்காமல், யாரையும் காத்திராமல், தான் நினைத்த இடத்துக்குத் தானே போகலாம்.

இந்த நாற்காலியை வாங்கும்போது நாம் என்ன கேட்கிறோம்? விலை என்ன, எத்தனை கிலோமீற்றர் ஓடும், எவ்வளவு பாரம் தாங்கும் என்று கேட்கிறோம். விமானத்தில் கொண்டு போகலாமா என்று கேட்பவர் சிலரே. கேட்டாலும், "தாராளமாகப் போகலாம்" என்ற பதில்தான் வரும். சரியான பதில் விமான நிலைய கவுண்டரில்தான் தெரிய வருகிறது. அப்போது பெட்டிகள் கையில், பயணி நாற்காலியில், பெட்டரிக்கு மட்டும் அனுமதி இல்லை! இந்த நிலைமையைக் கடையிலேயே தவிர்த்துக் கொள்ளலாம். அதற்குப் பார்க்க வேண்டியது ஒரேயொரு இலக்கம்.

ஏன் இந்தக் கெடுபிடி?

விமானக் கம்பனிகள் வேண்டுமென்று தொல்லை தருவதாகச் சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. 2010 செப்டெம்பர் 3ஆம் திகதி துபாயிலிருந்து புறப்பட்ட ஒரு போயிங் 747 சரக்கு விமானம் நடுவானில் தீப்பிடித்து விழுந்தது. விமானிகள் இருவரும் உயிரிழந்தனர். லித்தியம் பெட்டரிகள் பெருந்தொகையாக ஏற்றப்பட்டிருந்த பகுதியிலிருந்தே தீ தொடங்கியிருக்க வேண்டும் என்று விசாரணையில் முடிவாகியது. 2016 ஏப்ரல் 1 முதல், தனியாகப் பொதி செய்த லித்தியம்-அயன் பெட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவதைச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு தடை செய்தது.

லித்தியம் பெட்டரி சூடேறினால் ஒரு கலத்தின் சூடு அடுத்த கலத்துக்குத் தாவும். விமானத்தின் அடிவயிற்றிலுள்ள சரக்கறையில் தீயணைக்கும் வாயு சுவாலையை அடக்கும். ஆனால் இந்தச் சூட்டுத் தாவலை நிறுத்தாது. பயணிகள் அறையில் என்றால் பணியாளர் கண்டு உடனே தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கலாம். கழற்றிய பெட்டரியைக் கைப்பையில் கொண்டு வரச் சொல்வது இதனால்தான்.

300 என்ற இலக்கம்

நாற்காலி நோயாளியின் தேவை என்பதால் அதற்கு விசேட சலுகை உண்டு. ஆனால் நிபந்தனையோடுதான். கையால் கழற்றக் கூடியதாகச் செய்யப்பட்ட லித்தியம் பெட்டரி 300 வொட் மணிக்கு மேற்படக் கூடாது. இரண்டு பெட்டரிகளில் ஓடும் நாற்காலி என்றால் ஒவ்வொன்றும் 160 வொட் மணிக்குள் இருக்க வேண்டும். இவற்றுக்கு மேலதிகமாக, 300க்குள் ஒரு மாற்று பெட்டரியோ 160க்குள் இரண்டோ கொண்டு போகலாம்.

கணக்கு மிகச் சுலபம். வோல்ட்டை அம்பியர் மணியால் பெருக்கினால் வொட் மணி வரும். 24 வோல்ட், 10 அம்பியர் மணி என்றால் 240, போகலாம். 24 வோல்ட், 12 அம்பியர் மணி என்றால் 288, இதுவும் போகலாம். 24 வோல்ட், 20 அம்பியர் மணி என்றால் 480; இதற்கு இடமில்லை. ஒரே தோற்றம், ஒரே நிறம், விலையில் சிறிய வித்தியாசம். கூடுதல் தூரம் ஓடும் என்று கடைசியானதை வாங்கியவர் வீட்டுக்குள் ராஜா, விமான நிலையத்தில் வழக்காளி.

கழற்ற முடியாதபடி சட்டத்துக்குள் பாதுகாப்பாகப் பொருத்திய பெட்டரிக்கு இந்த 300 எல்லை இல்லை. அது நாற்காலியோடு சரக்கறைக்குப் போகும். உறுதியான உறைக்குள் இருப்பதால் அடிபடாது என்பதே காரணம். ஜெல் போன்ற, திரவம் சிந்தாத ஈய பெட்டரிக்கும் இந்தக் கணக்கு இல்லை. முனைகளை மூடி, மின் தொடர்பைத் துண்டித்தால் நாற்காலியிலேயே வைக்கலாம். ஆனால் பாரம் கூடுதல். அமிலம் சிந்தும் பழைய வகை பெட்டரிக்கு நிபந்தனை இறுக்கமானது: நாற்காலியை நிமிர்ந்தபடியே ஏற்ற வேண்டும், முடியாவிட்டால் பெட்டரியைக் கழற்றி, ஒழுகாத பொதியில் வேறாக அனுப்ப வேண்டும்.

அளவையும் மறக்கக் கூடாது. குறுந்தூரப் பயணங்களில் ஓடும் போயிங் 737 விமானத்தின் சரக்கறைக் கதவு ஒரு மீற்றர் உயரம் கூட இல்லை. முதுகுப் பகுதி மடியாத நாற்காலியைப் படுக்க வைக்க வேண்டி வரும். சேதம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

டிக்கட் எடுக்கும்போது

எந்த பெட்டரியானாலும் விமானக் கம்பனியின் முன் அனுமதி வேண்டும். 48 மணித்தியாலத்துக்கு முன்பாவது அறிவியுங்கள். டிக்கட் எடுக்கும் நாளிலேயே சொல்வது இன்னும் நல்லது. "வீல்செயார் வேண்டும்" என்று மட்டும் பயண முகவரிடம் சொன்னால், விமான நிலையத்தில் தள்ளிச் செல்லும் நாற்காலியைத்தான் அவர் பதிவு செய்வார். சொந்த நாற்காலி வருகிறது என்று தெளிவாகச் சொல்லுங்கள். லித்தியம் என்றால் டபிள்யு.சி.எல்.பி., சிந்தாத பெட்டரி என்றால் டபிள்யு.சி.பி.டி. என்ற குறியீடு பதிவில் விழ வேண்டும். பெட்டரி வகை, வொட் மணி, நாற்காலியின் நீள அகல உயரம், நிறை ஆகியவற்றை எழுத்தில் அனுப்பி, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். விமானம் மாறிச் செல்வதானால் அடுத்த கம்பனியிடமும் கேட்க வேண்டும். சில கம்பனிகளின் சட்டம் இன்னும் கடுமையாக இருக்கலாம்.

பயண நாளில் நேரத்தோடு போய்ச் சேருங்கள். கழற்றிய பெட்டரியின் முனைகளை ஒட்டுநாடாவால் மூடி, ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் கைப்பையில் வையுங்கள். ஓட்டும் கைப்பிடியைக் கழற்றவோ பூட்டவோ முடிந்தால் செய்து விடுங்கள். மோட்டரிலிருந்து சக்கரத்தை விடுவித்துத் தள்ளும் முறையை ஒரு தாளில் எழுதி நாற்காலியில் ஒட்டுங்கள். ஒப்படைக்கும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்துக் கொள்ளுங்கள்.

உடைந்து வந்தால்?

இது கற்பனைப் பயம் அல்ல. அமெரிக்காவில் விமானக் கம்பனிகள் அரசாங்கத்துக்குக் கொடுத்த கணக்கின்படி 2023இல் மட்டும் 11,500க்கும் மேற்பட்ட சக்கர நாற்காலிகளும் ஸ்கூட்டர்களும் சேதமாகின, தாமதமாகின அல்லது காணாமற் போயின. மாற்றுத்திறனாளிப் பயணிகளை நடத்திய விதத்துக்காக அமெரிக்கன் எயார்லைன்ஸ் மீது 2024 ஒக்டோபரில் 5 கோடி டொலர் தண்டம் விதிக்கப்பட்டது.

சர்வதேசப் பயணத்தில் 1999ஆம் ஆண்டின் மொன்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும் இடங்களில், பயணப் பொதிகளுக்கான நட்டஈடு ஒரு பயணிக்கு 1,519 விசேட எடுப்பனவு உரிமை வரைதான். 2024 டிசம்பர் 28 முதல் உள்ள எல்லை இது. ஏறத்தாழ இரண்டாயிரம் டொலர். உங்கள் நாற்காலி அதைவிட விலை கூடியதானால், ஒப்படைக்கும்போதே அதன் பெறுமதியை எழுத்தில் விசேடமாக அறிவிக்கலாம். அதற்கு மேலதிகக் கட்டணம் கேட்கலாம். சேதம் இருந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியேறு முன் முறைப்பாட்டைப் பதியுங்கள். எழுத்து மூல முறைப்பாடு ஏழு நாட்களுக்குள் போய்ச் சேராவிட்டால் உரிமை போய்விடும். வாங்கிய ரிசீட் இல்லாமல் பெறுமதியை நிரூபிப்பது கஷ்டம் என்பதை வியாபாரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை

இந்தச் சாமானை இறக்குமதி செய்பவர்களும் இப்பக்கத்தின் வாசகர்கள்தான். சீனத் தொழிற்சாலையிடம் விலை பேசும்போதே பெட்டரியின் 'யூ.என். 38.3' பரிசோதனைச் சுருக்கத்தைக் கேளுங்கள். 2020 ஜனவரி 1 முதல் லித்தியம் பெட்டரி உற்பத்தியாளர் இதைக் கொடுக்கக் கடமைப்பட்டவர். தர மறுத்தால் அங்கே ஓடர் கொடுக்காதீர்கள். வொட் மணி தெளிவாக அச்சிட்ட லேபல் பெட்டரியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அழிந்த லேபலை எந்தக் கவுண்டரும் நம்பாது.

பிறகு ஒரு தாளில் பெட்டரி வகை, வொட் மணி, மடித்த அளவு, நிறை நான்கையும் எழுதி, பரிசோதனைச் சுருக்கத்தின் பிரதியையும் இணைத்து ஒவ்வொரு நாற்காலியோடும் கொடுங்கள். 480 வொட் மணி நாற்காலியை விற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டுப் பாவனைக்கு அது நல்ல சாமான். ஆனால் விமானத்தில் போகாது என்பதைச் சொல்லி விற்க வேண்டும். சரக்கின் குறையைச் சொல்லி விற்பவனுக்கு அன்றைக்கு ஒரு வியாபாரம் குறையலாம். அந்த வாடிக்கையாளர் அடுத்த முறை தன் மச்சானையும் கூட்டிக்கொண்டு அதே கடைக்குத்தான் வருவார்.