மலைச் சைக்கிள் பந்தயத்துக்கு ஸ்பான்சர்: யாரிடம், என்ன, எப்போது கேட்பது?

2025 ஆகஸ்டில் ஆன்லைன் பண விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. அதனால் இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையிலிருந்து ட்ரீம்11 என்ற விளையாட்டு ஆப் இறங்கியது. அடுத்த மாதமே அந்த இடத்தில் அப்போலோ டயர்ஸ் ஏறியது. அதே அப்போலோவின் ஆலை ஒன்று திருப்பதிக்குக் கிழக்கே, ஸ்ரீசிட்டி பக்கம் சின்னபாண்டூரில் 2020 முதல் ஓடுகிறது. அந்த வட்டாரத்தில் ஹீரோ மோட்டோகார்ப் ஆலையும் இருக்கிறது. கரகம்பாடியில் அமர ராஜா, சித்தூரைச் சுற்றி வரிசையாக மாங்கூழ் ஆலைகள். மலைச் சைக்கிள் ஓட்டும் ஒரு பிள்ளைக்கு ‘இத்தனை கம்பெனியில் ஒன்றாவது நமக்கு ஒரு நல்ல சைக்கிள் வாங்கித் தராதா?’ என்று தோன்றுவது நியாயம்தான்.

பெரும்பாலும் தராது. காரணம் கருமித்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். கம்பெனியின் பணம் எந்தப் பையிலிருந்து வருகிறது என்று தெரியாமல் போய்க் கேட்பதால்தான் பல கடிதங்கள் குப்பைக்குப் போகின்றன.

பெரிய கம்பெனியிடம் இரண்டு பைகள் உண்டு. ஒன்று விளம்பரப் பை. எத்தனை பேர் பார்ப்பார்கள் என்பதுதான் அங்கே ஒரே கேள்வி. கிரிக்கெட்டைக் கோடிக்கணக்கானவர்கள் பார்க்கிறார்கள்; மலைப்பாதையில் ஓடும் பந்தயத்தைப் பார்க்க ஓட்டுபவரின் அப்பாவும் மாமாவும் வந்தாலே பெரிது.

இரண்டாவது சமூகப் பொறுப்பு நிதி, சிஎஸ்ஆர். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவு இதைக் கட்டாயமாக்கியது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுவரவு 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி - இவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவழிக்க வேண்டும். எதற்குச் செலவழிக்கலாம் என்ற பட்டியலில் ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சியும் இருக்கிறது. மலைச் சைக்கிள் 1996 அட்லாண்டா முதல் ஒலிம்பிக்கில் இருப்பதால் அந்தக் கதவு திறந்தேதான் கிடக்கிறது.

ஆனால் வாசலில் ஒரு கல் உண்டு. தன் பொருளுக்கு விளம்பர ஆதாயம் தேடிக் கொடுக்கும் ஸ்பான்சர்ஷிப் சிஎஸ்ஆர் கணக்கில் சேராது என்று 2021இல் திருத்திய விதிகள் சொல்கின்றன. ஆகவே, ‘உங்கள் லோகோவை ஜெர்சியில் போட்டுக்கொள்கிறேன், சிஎஸ்ஆர் நிதியிலிருந்து உதவுங்கள்’ என்று எழுதும் கடிதம், தன்னை நிராகரிப்பதற்கான காரணத்தைத் தானே சொல்லிவிடுகிறது. சிஎஸ்ஆர் அலுவலரிடம் ‘கிராமத்துப் பிள்ளைகள் இத்தனை பேருக்கு வாரம் இத்தனை நாள் பயிற்சி’ என்று பேச வேண்டும். அதையும் தனி ஆளாகப் பேசிப் பயனில்லை. கம்பெனிகள் இந்தப் பணத்தைத் தாங்களே நேரடியாகச் செலவழிக்கலாம். வெளி அமைப்பு வழியாக என்றால் அது பதிவு பெற்ற சங்கம், அறக்கட்டளை போன்றதாக இருக்க வேண்டும், வருமானவரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகள் வேண்டும், அதே வேலையில் மூன்று ஆண்டு அனுபவமும் வேண்டும். இன்று நண்பர்கள் சேர்ந்து ஒரு கிளப்பைப் பதிவு செய்தால், பலன் இப்போது பள்ளியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்குத்தான் கிடைக்கும். அதற்காகவாவது பதிவு செய்யலாம்.

அப்படியானால் இந்த ஆண்டுக்கு யாரிடம் போவது? வீட்டிலிருந்து சைக்கிளில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் இருப்பவரிடம். சைக்கிள் கடைக்காரர், பக்கத்து ஓட்டல் முதலாளி, மாங்கூழ் ஆலைக்காரர், எலும்பு முறிவு டாக்டர். (கடைசியாகச் சொன்னவருக்கு இந்த விளையாட்டில் தொழில்முறை அக்கறையே இருக்கும்.) இவர்கள் எக்செல் தாளைப் பார்த்து முடிவு செய்வதில்லை, உங்கள் குடும்பத்தைத் தெரியும், உங்களைத் தெருவில் பார்த்திருக்கிறார்கள் என்பதே பாதித் தகுதி. கம்பெனிக்கு ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதம் போதும். இவர்களிடம் தெலுங்கிலோ தமிழிலோ நேரில் பேசுங்கள். சித்தூரில் இரண்டும் செல்லும்.

கேட்பது சிறியதாக, எண்ணிச் சொல்லக்கூடியதாக இருக்கட்டும். பந்தயத்துக்குத் தகுந்த மலைச் சைக்கிள் ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் போகும். அதை ஒருவரிடமே கேட்டால் அவர் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவார். ஒரு பருவத்துக்கு இரண்டு ஜோடி டயர், ஒரு செயின், பிரேக் பேட்கள், தேசியப் போட்டிக்குப் போய்வர ரயில் செலவு, சைக்கிளைப் பெட்டியில் கட்டி பார்சலில் அனுப்பும் செலவு என்று பிரித்து எழுதுங்கள். டயர் ஒருவர் தலையில், ரயில் டிக்கெட் இன்னொருவர் தலையில். கடைக்காரர் உதிரி பாகங்களைத் தன் கொள்முதல் விலைக்கே கொடுத்தால் அதுவும் ஸ்பான்சர்ஷிப்தான். வெளிநாடுகளிலும் அமெச்சூர் ஓட்டக்காரர்களில் பெரும்பாலோருக்கு முதலில் கிடைப்பது தள்ளுபடிதான். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் உதிரி பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருப்பதும் பேரத்துக்கு உதவும்.

பதிலுக்கு என்ன கொடுப்பீர்கள் என்ற கேள்விக்கு ‘வெற்றி’ என்று சொல்லாதீர்கள். வெற்றி உங்கள் கையில் இல்லை; மாவட்டத்தில் முதலாவதாக வந்தாலும் கடைக்காரரின் கல்லாவுக்கு அதனால் ஒன்றும் வராது. ஞாயிறு காலை கடை வாசலிலிருந்து பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு ஓட்டுவது, பள்ளிப் பிள்ளைகளுக்கு பஞ்சர் ஒட்டக் கற்றுத் தருவது, கியர் சைக்கிள் வாங்க வரும் அப்பாக்களுக்கு எந்த அளவு ஃபிரேம் பிள்ளைக்குப் பொருந்தும் என்று விளக்குவது - இவைதான் அவருக்கு வேண்டும். ஜெர்சியில் பெயர் போடுவதாகச் சொல்லும்போதும் உண்மையைச் சொல்லிவிடுங்கள்: மாநில அணிக்காக ஓடும் நாளில் மாநிலத்தின் உடையைத்தான் போட முடியும். அவர் பெயர் கிளப் பந்தயங்களிலும் பயிற்சியிலும்தான் தெரியும்.

ஆனால் என் பார்வையில் ஆந்திராவின் சித்தூர், திருப்பதி ஆகிய இந்த இரண்டு மாவட்டங்களின் உண்மையான குறை ஸ்பான்சர் இல்லாதது இல்லை. சொல்லிக்கொள்ளும்படி ஒரு பந்தயம் இல்லாததுதான். இமாச்சலத்தைப் பாருங்கள். சிம்லாவைச் சேர்ந்த ஹஸ்த்பா அமைப்பு 2005இல் எம்டிபி ஹிமாலயா என்ற பல நாள் பந்தயத்தைத் தொடங்கியது. லூதியானாவின் ஹீரோ சைக்கிள்ஸ் பின்னால் வந்து பந்தயத்தின் பெயரோடு தன் பெயரைச் சேர்த்துக்கொண்டது. ஹீரோ ஆக்‌ஷன் டீம் என்று ஓர் அணியும் வைத்தது. முதலில் பந்தயம், பிறகு பணம், அதன்பிறகே ஓட்டக்காரருக்குச் சட்டை. மலைச் சைக்கிளின் பிறப்பே அப்படித்தான். 1976 அக்டோபரில் கலிபோர்னியாவின் மாரின் கவுன்டியில் சில நண்பர்கள் பழைய சைக்கிள்களில் மலைச்சரிவில் ‘ரீபேக்’ பந்தயம் விட்டார்கள். அதில் ஓட்டிய கேரி ஃபிஷரும் ஜோ பிரீஸும் பின்னாளில் சைக்கிள் தயாரிப்பாளர்களே ஆனார்கள்.

ஒரு பையனுக்குப் பணம் கொடுக்கத் தயங்கும் ஓட்டல் முதலாளி, நூறு பேர் கூடும் பந்தயத்துக்கு காலைச் சிற்றுண்டி கொடுக்கத் தயங்க மாட்டார். பந்தயத்துக்கு இடமும் உண்டு. 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டி கேரளத்தின் பொன்முடியில் நடந்தபோது பாதையை ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள்தான் அமைத்தார்கள். சித்தூரில் தேயிலை இல்லை. மாந்தோப்பும் பாறைக்குன்றும் இருக்கின்றன. உரிமையாளர் எழுத்தில் அனுமதி தந்தால், நான்கைந்து கிலோமீட்டர் சுற்றுப்பாதை ஒன்று போட்டுவிடலாம். ஆம்புலன்ஸ், காவல்துறைக்குத் தகவல், கட்டாய ஹெல்மெட் - இந்த மூன்றும் இல்லாமல் மட்டும் தொடங்க வேண்டாம்.

காட்டுக்குள் போவது வேறு கதை. சேஷாசலம் 2010 முதல் உயிர்க்கோளக் காப்பகம். அதற்குள் ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்கா. பலமனேர் பக்கம் கௌண்டின்யா சரணாலயத்தில் யானைகள். அனுமதியின்றி நுழைவது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். செம்மரக் கடத்தலைத் தடுக்கத் தனிப் படையே சுற்றும் மலையில், ‘யாரும் போகாத பாதை’ என்று தலைப்பிட்டு வீடியோ போடுவது வீரம் ஆகாது. வனத்துறைக்கு நீங்களே எழுதிக் கொடுக்கும் சாட்சியம். அந்த வீடியோவில் தன் பெயர் தெரிவதை எந்த ஸ்பான்சரும் விரும்ப மாட்டார்.

ஒருவர் சம்மதித்துவிட்டால், தெரிந்தவர்தானே என்று விடாமல் ஒரு பக்கமாவது எழுதிக்கொள்ளுங்கள். ஜூனியர் பிரிவு என்பது 17, 18 வயதினருக்கு. 1872 இந்திய ஒப்பந்தச் சட்டப்படி 18 நிறையாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது. 1903இல் மோகரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் இதை உறுதி செய்தது. பெற்றோர்தான் கையெழுத்திட வேண்டும். அந்தத் தாளில் சில விஷயங்கள் இருந்தே தீர வேண்டும். எவ்வளவு காலம்? காலம் முடிந்ததும் சைக்கிள் யாருக்கு? நடுவில் விற்கலாமா? கை ஒடிந்து மூன்று மாதம் படுத்தால் உதவி நிற்குமா? படங்களை அவர் எவ்வளவு நாள் பயன்படுத்தலாம்? வேறு கடையின் டயரை மாட்டக்கூடாது என்று நிபந்தனை உண்டா? சண்டை வரும் இடங்கள் இவைதான், அதிலும் சைக்கிள் யாருடையது என்பதுதான் முதலிடம்.

வரியும் உண்டு. தொழில் தொடர்பாக ஒருவர் ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் பொருளாகக் கொடுத்தாலும் 10 சதவீதம் பிடித்தம் என்ற விதி 2022 ஜூலையில் வந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டிய சைக்கிள் என்றால் பேச்சு வேறு. ஆகவே, பான் அட்டையை எடுத்துவிட்டு, பெரிய பொருள் வரும்போது ஓர் ஆடிட்டரிடம் கேளுங்கள். இலவசமாகப் பெற்ற பொருளைப் பற்றி இன்ஸ்டாகிராமில் போட்டால், அது விளம்பரம் என்று சொல்லியாக வேண்டும். இந்திய விளம்பரத் தர நிர்ணய அமைப்பான ஆஸ்கியின் 2021 வழிகாட்டுதல் இது.

தானாகத் தேடி வரும் இரண்டு ஸ்பான்சர்களிடம் எச்சரிக்கை தேவை. ஒன்று பணம் கட்டி விளையாடும் பந்தய ஆப். அதற்கு விளம்பரம் செய்வது இப்போது சிறைக்கு வழி. இன்னொன்று புரத மாவு விற்பவர். டப்பாவில் தடைசெய்த பொருள் கலந்திருந்து ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினால், விற்றவர் தப்பித்துவிடுவார், தடை உங்களுக்கு. ‘எனக்குத் தெரியாது’ என்ற பதில் அங்கே எடுபடாது.

அரசு உதவியைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்லலாம். மத்திய அரசின் கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வானவருக்கு ஆண்டுக்கு 6.28 லட்ச ரூபாய் மதிப்பில் பயிற்சியும், அதற்குள் மாதம் 10,000 கைச்செலவும் உண்டு, தேர்வாவதுதான் பாடு. தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கிய சாம்பியன்ஸ் அறக்கட்டளை தமிழ்நாட்டு வீரர்களுக்கானது. காட்பாடி பக்கத்து ஊராக இருக்கலாம், அந்த உதவி எல்லை தாண்டி வராது.

இனி நேரம். கம்பெனிகள் ஏப்ரலில் தொடங்கும் ஆண்டுக்கான செலவை ஜனவரி, பிப்ரவரியிலேயே பேசி முடித்துவிடும். கடிதம் அதற்கு முன்னால் போக வேண்டும். மாங்கூழ் ஆலைப் பக்கம் மே முதல் ஜூலை வரை தலைகாட்டாதீர்கள். 2025இல் கிளிமூக்கு மாம்பழ விலை சரிந்து, கிலோவுக்கு ஆலை 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என்று பங்கு போட வேண்டி வந்த வாரங்களில் போய் ஜெர்சிக்குப் பணம் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்? திருப்பதி ஓட்டல்காரர்களைப் பிரம்மோற்சவம் முடிந்த பிறகு பாருங்கள். பருவம் முடிந்ததும், கொடுத்தவர் ஒவ்வொருவருக்கும் பணம் எதற்குச் செலவானது என்று ரசீதுகளோடு ஒரு தாள் கொண்டுபோய்க் கொடுங்கள், பந்தயத்தில் கடைசியாக வந்திருந்தாலும் சரி. அடுத்த ஆண்டு டயர் கேட்க அந்தத் தாள் போதும்.